மேல்கோட்டையும் மென்பொருள் குழுவும்

மென்பொருள் துறையில் பணிபுரியும் நம் சங்கத்து இளைஞர்கள் பலர், பதவி உயர்ந்து குழுத் தலைவரானதும் திகைத்து நிற்கிறார்கள். நேற்று வரை தாமே நிரல் எழுதினார்கள். இன்று பத்துப் பேரை எழுத வைக்க வேண்டும். பல ஆண்டுகள் குழு நடத்தியவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தான் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி செய்பவரே நல்ல தலைவர்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கான இயக்க மென்பொருள் பணியை நடத்தியவர் பிரெட் புரூக்ஸ். தாமதமான பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975-இல் வெளியான தம் நூலில் எழுதினார். காரணம் எளிது. புதியவருக்குச் சொல்லித்தர, பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டிய தொடர்புகளும் பெருகும்: ஐந்து பேருக்குள் 10, பத்துப் பேருக்குள் 45.

தொண்ணூறுகளில் நான் இத்துறைக்கு வந்தபோது அனைவரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தோம். சந்தேகம் வந்தால் பக்கத்திலிருப்பவரைக் கேட்போம். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, சிறிது சிறிதாகச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் முறையை அறிக்கையாக வெளியிட்டனர். 2020-இல் பெருந்தொற்று ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் உட்கார வைத்தது. இப்போது நிரலின் ஒரு பகுதியை இயந்திரமே எழுதித் தருகிறது. ஆனால் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று அறிந்திருக்க வேண்டியவர் மனிதரே. அந்த அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்து, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் குழு முடங்கிவிடும்.

இதற்கு நான் கைக்கொண்ட வழிகள் நான்கு. ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். ஒரு முடிவு எடுத்தால் அதன் காரணத்தை அன்றே எழுதி வைக்க வேண்டும். இரவில் பழுது வந்தால் கவனிக்கும் பொறுப்பு, தலைவர் உட்பட எல்லோருக்கும் முறை வைத்து வர வேண்டும். தவறு நேர்ந்தால் "யார் செய்தது?" என்று கேட்காமல் "எப்படி நேர்ந்தது?" என்று கேட்க வேண்டும். பயந்தவர் உண்மையை மறைப்பார். மறைத்த பழுது மீண்டும் வரும்.

மைசூரில் வாழும் நமக்கு இதற்கோர் உதாரணம் அருகிலேயே, மேல்கோட்டையில் உண்டு. ஸ்ரீராமானுஜர் அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்றும், திருநாராயணன் கோயில் கைங்கர்யங்களுக்கு ஐம்பத்திருவரை நியமித்தார் என்றும் வைணவ மரபு கூறும். அவர் திருவரங்கம் திரும்பப் புறப்பட்டபோது சீடர்கள் கலங்கினர். தம் உருவத் திருமேனியை அவர்களிடம் விட்டுச் சென்றார். அதுவே "தமர் உகந்த திருமேனி." ஆசாரியர் போன பின்னும் கைங்கர்யம் நிற்கவில்லை, பங்குனியில் வைரமுடி சேவை இன்றும் நடைபெறுகிறது.

கருவிகள் மாறும், நிறுவனங்களும் மாறும். பொறுப்பைப் பகிர்ந்து, அறிந்ததை மறைக்காமல் கற்றுத்தரும் பண்பு மாறத் தேவையில்லை. புதிதாகத் தலைமை ஏற்கும் தம்பி தங்கையர், தம் குழுவில் ஒருவர் மட்டுமே அறிந்த வேலை எது என்று இந்த வாரமே பட்டியலிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அதை இரண்டாமவருக்குக் கற்பிப்பதே உங்கள் முதல் கடமை.