இழந்த சொல்லைத் தேடி

பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கும்போது, பலருக்குக் கைகாலோடு பேச்சும் முடங்கிவிடுகிறது. சிந்தனை உள்ளே இருக்கும். சொல்தான் நாவுக்கு வர மறுக்கும். பேச்சுக்குரிய மூளைப்பகுதியை 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா சுட்டிக் காட்டினார்.

இன்று இத்தகையோருக்குக் கணிப்பொறி துணை நிற்கிறது. திரையில் படம் தோன்றும். நோயாளி பெயர் சொல்ல முயல்வார். தடுமாறினால் கருவி முதலொலியை எடுத்துக் கொடுக்கும். பிரிட்டனில் 278 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இவ்வாறு வீட்டிலேயே பயின்றவர்களுக்குப் பயின்ற சொற்கள் திரும்பின, உரையாடலோ மேம்படவில்லை.

அன்பர்களே, சொல்லைத் தரக் கருவியால் இயலும். கேட்கும் செவியைத் தர இயலாது. காதுகேளாது திக்கிப் பேசியவரை ஆண்டவர் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார் என்கிறார் மாற்கு. நாமும் நோயாளியின் அருகமர்வோம். அவர் தேடும் சொல்லை முந்திச் சொல்லிவிடாது காத்திருப்போம். அப்பொறுமையும் செபமே.