பீடி தொடாதவர்களின் நுரையீரல்

வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கு வருகிறவர்கள் கொல்லிமலைக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, "என்ன சுத்தமான காத்து!" என்பார்கள். வெளிக்காற்றுக்கு அந்தப் பாராட்டு பொருந்தும். விறகு எரியும் சமையலறைக் காற்று வேறு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசமாகும். மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரத்தில் கழித்த கிளை, பொறுக்கிவந்த சுள்ளி என எல்லாமே நனைந்திருக்கும். நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி விறகிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. அடுப்பு சூடேறாததால், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதினால்தான் தீ பிடிக்கும். புகை அதிகமாக இருக்கும் அதே நேரத்தில்தான் மூச்சையும் ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. குளிருக்குக் கதவும் சாத்தியிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் அதே காற்றுதான்.

கண்ணைக் கரிக்கும் புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத துகள்தான் ஆபத்து. 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் காற்றறைகள்வரை போய்ப் படிகிறது. குழந்தைக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், பெண்களுக்குக் கண்புரை எனப் பாதிப்புகள் நீள்கின்றன. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வீட்டுப் புகையால் 2020-இல் உலகில் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். அவர்களில் 2.37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இந்தப் புகையை அளந்து பார்க்கலாம் என்று முதலில் இறங்கியவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித். 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டி அளந்தார். தமிழகத்தில் அந்த வேலையை வளர்த்தெடுத்தவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன்.

விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவும் இணைந்த, கேஸுக்கு மாறினால் என்ன பலன் என்று பார்த்த ஆய்வில் 3,200 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், 18 மாதம் இலவச கேஸும் வீட்டுக்கே வந்தன. விறகு வீடுகளில் கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். கேஸ் வீடுகளில் 24. ஆனால் 2022-இல் வெளியான முடிவில், குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதனால் கேஸ் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. தாயின் உடம்பு சிறுமிப் பருவத்திலிருந்தே புகையில் வளர்ந்தது. கர்ப்பத்தின் சில மாதங்கள் மட்டும் காற்று மாறினால் எவ்வளவு ஈடுகட்டும்? மூச்சடைப்பு நோய் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை 18 மாதத்தில் எடைபோட முடியாது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. எரிபொருள் இலவசமாக வாசலுக்கு வந்தபோது பெண்கள் விறகை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டார்கள். பழக்கம் மாறாது, விறகுச் சோற்று ருசி விடாது என்று சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பாதி சாக்குதான்.

தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பும், 2016-இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் பல வீடுகளுக்கு அடுப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கஷ்டம் அடுத்த சிலிண்டரில்தான். கொல்லிமலைக்கு என்றால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து சிற்றூர்களுக்குப் போக வேண்டும். கூலிவேலை இல்லாத மாதத்தில் காசும் இருக்காது. காபிக்குக் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்று ஆகிவிடுகிறது. பாதி விறகைக் குறைத்தால் பாதி நோய் குறையுமா? குறையாது. இதய நோயைப் பொறுத்தவரை, புகை மிகுந்த நிலையிலிருந்து சற்றுக் குறைந்தால் அபாயம் கொஞ்சம்தான் இறங்குகிறது. காற்று நன்றாகத் தெளிந்த பிறகுதான் மளமளவென்று இறங்குகிறது. ஆகவே மலைக் கிராமங்களின் ஒவ்வொரு சிலிண்டருக்கும், அதை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் போதுமான மானியம் கொடுக்க வேண்டும். அதுவரை விறகைக் கூரைக்குள் அடுக்கிக் காயவைப்பதும், அடுப்பெரியும்போது குழந்தையை வேறு கையில் கொடுப்பதும் ஓரளவு உதவும்.

மருத்துவர்களிடமும் ஒரு கோரிக்கை. மூச்சு வாங்குகிறது என்று வரும் ஆணிடம் "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்கிறீர்கள். இருமிக்கொண்டு வரும் பெண்ணிடம், "வீட்டில் எந்த அடுப்பு? எத்தனை வருடமாக?" என்று கேட்டு, அதையும் சீட்டில் எழுதுங்கள்.