ஓடும் சுமைதாங்கி

காவேரி பாயும் நம் நாட்டுச் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிக் கற்களை நேயர்கள் கண்டிருக்கலாம். நட்டுவைத்த இரண்டு கற்கள். அவற்றின்மேல் தோளுயரத்தில் குறுக்காக ஒரு கல். நெல் மூட்டையைத் தலையில் சுமந்து வருகிறவன், பிறர் உதவியின்றிப் பாரத்தை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இதனை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமற்போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்!

மேனாட்டில் இந்தத் தர்மம் வேறோர் உருவம் கொண்டிருக்கிறது. இறந்த குழந்தையின் நினைவாகப் பெற்றோர் மாரத்தான் ஓடுகிறார்கள். அதன் தூரம் 26 மைல் 385 கெஜம். தஞ்சாவூரில் புறப்பட்டு ஐயம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் சேர்ந்த பிறகும் சிறிது தூரம் பாக்கியிருக்கும். ஓடுகிறவர் தமக்கென்று ஒரு காசும் பெறுவதில்லை. அவருடைய பிரயாசையை முன்னிட்டு உற்றாரும் நண்பரும் அளிக்கும் பணம் ஆஸ்பத்திரிக்கோ அநாதைக் குழந்தைகளுக்கோ போய்ச் சேருகிறது. பழனிக்குக் கால்நடையாகக் காவடி எடுப்பவரை அறிந்த நமக்கு இத்தகைய விரதம் புதிதன்று.

இவ்வழியில் நடந்தவர்களுள் நம் தேசத்துக் குடியானவர் ஒருவரும் உண்டு. பஞ்சாபில் ஜலந்தர் அருகே பியாஸ் பிண்ட் கிராமத்தைச் சேர்ந்த பௌஜா சிங்தான் அவர். 1994-ல், காற்றில் பறந்து வந்த தகரம் தாக்கி அவருடைய மகன் குல்தீப் அவர் கண்ணெதிரிலேயே மாண்டான். பிறகு இங்கிலாந்தில் இருந்த மற்றொரு மகனிடம் போய்ச் சேர்ந்த கிழவர், துயரம் தாளாமல் ஓடத் தொடங்கினார். 2000-ல், 89-வது வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிஷத்தில் முடித்தார். யாருக்காக ஓடினார்? குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைப் பேணும் 'பிளிஸ்' என்னும் தர்ம ஸ்தாபனத்துக்காக! மகனைப் பறிகொடுத்தவர், பெயர்கூட அறியாத பச்சிளங் குழந்தைகளுக்காக ஓடினார். 2011-ல் டொராண்டோவில், நூறாவது வயதில், மறுபடியும் முழுத் தூரத்தையும் கடந்தார். பிறப்புப் பத்திரம் இல்லையென்று கின்னஸ் புத்தகத்தார் அதை ஏற்கவில்லை. புத்தகத்தில் இடம் பெறுவதற்காக அவர் ஓடவுமில்லை. 2025 ஜூலையில், சொந்தக் கிராமத்துச் சாலையில் மோட்டார் மோதி, 114-வது வயதில் காலமானார்.

தஞ்சைச் சாலை போய்ச் சேரும் கும்பகோணத்தில், 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் விளக்கேற்றிக் கண்ணீர் விடுகின்றனர். அந்தத் துக்கம் ஆறிவிடும் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சுமைதாங்கியும் சுமையை இல்லாமற் செய்வதில்லையே! சற்றே இறக்கி வைக்க இடம் தருகிறது. பிறகு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

தீப்புண்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்காக, ஓர் ஆண்டு அந்த நாளில், நம் இளைஞர்கள் தஞ்சையிலிருந்து கும்பகோணத்துக்கு ஓடினால் என்ன? அந்தப் பெற்றோர் வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கட்டும். அவ்வளவு நேரமாவது அவர்கள் பாரம் இறங்கியிருக்கும்.