36 பந்து, 36 ஸ்டிரைக்... சாதனையைப் பறித்த எண்ணெய்!

1982, ஜூலை 1. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லா ஹாப்ரா என்ற ஊர். அங்குள்ள பவுலிங் அரங்கில் லீக் போட்டி நடந்துகொண்டிருந்தது. 52 வயது க்ளென் ஆலிசன் பந்தை உருட்டத் தொடங்கினார்.

முதல் ஆட்டத்தில் 300 புள்ளிகள். இரண்டாவதில் 300. மூன்றாவதிலும் 300! உருட்டிய 36 பந்துகளுமே ஸ்டிரைக். அதாவது, ஒவ்வொரு முறையும் 10 பின்களும் ஒரே அடியில் காலி. மூன்று ஆட்டங்களில் 900-க்கு மேல் யாராலும் எடுக்கவே முடியாது.

ஆனால், 'இதைச் சாதனையாக ஏற்க முடியாது' என்று கைவிரித்துவிட்டது அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ். ஆலிசன் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. லேனில் எண்ணெய் பூசியிருந்த விதம் விதிமுறைப்படி இல்லை என்பதுதான் காரணம்.

லேனில் எதற்கு எண்ணெய்?

பவுலிங் ஆடும்போது கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவர்களுக்கு, தரை எப்படி வழுக்கும் என்று தெரிந்திருக்கும். கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் அதற்குக் காரணம்.

கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி தூரம். லேனின் அகலம் சுமார் மூன்றரை அடி. அதில் 39 பலகைகள். கனமான பந்துகள் மோதி மரப்பலகை சேதமாகாமல் இருக்கத்தான் ஆரம்பத்தில் எண்ணெய் பூசினார்கள். இன்று பல இடங்களில் மரத்துக்குப் பதில் செயற்கைத் தளம் வந்துவிட்டாலும் எண்ணெய் போகவில்லை. அதுவே ஆட்டத்தின் சூட்சுமமாகிவிட்டது.

பெரும்பாலும் முதல் 40 அடிக்கு எண்ணெய். மீதி 20 அடி காய்ந்த தரை. எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடத்துக்கு வந்ததும் தரையைப் பிடித்து, சுழற்சிக்கு ஏற்ப வளையும். அப்படி வளைந்து, வலக்கைக்காரர் என்றால் 1, 3 எண் பின்களுக்கு நடுவே நுழைய வேண்டும். ஸ்டிரைக் விழ அதுதான் சிறந்த வழி.

தவற்றை மன்னிக்கும் லேன்

எண்ணெயை எங்கே, எவ்வளவு, எத்தனை அடிக்குப் பூசுவது என்ற கணக்குக்குப் பெயர்தான் 'ஆயில் பேட்டர்ன்'.

பொதுமக்கள் ஆடும் அரங்குகளில் வழக்கமாக இருப்பது 'ஹவுஸ் பேட்டர்ன்'. லேனின் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. பந்து கொஞ்சம் ஓரமாகப் போய்விட்டால், காய்ந்த தரை அதை உள்ளே திருப்பிவிடும். தவறி நடுப்பக்கம் போனாலோ, அங்குள்ள எண்ணெய் அதிகம் வளையவிடாமல் நேராக அனுப்பும். இரண்டு தவறுகளையும் லேனே திருத்திவிடுகிறது!

பெரிய போட்டிகளுக்கான 'ஸ்போர்ட் பேட்டர்ன்' அப்படியல்ல. அகலம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெய். ஓரமாகப் போன பந்து திரும்பாது. உள்ளே போனது நிற்காது. உள்ளூர் அரங்கில் 200 புள்ளிகளைச் சாதாரணமாகத் தொடுபவர்கள்கூட இங்கே திணறிப்போவார்கள்.

சிறுத்தையும் சுறாவும்

அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பேட்டர்ன்களுக்கு விலங்குகளின் பெயர்கள் உண்டு. 'சீட்டா' நீளம் குறைந்தது. பந்து சீக்கிரமே வளையத் தொடங்கும் என்பதால் லேனின் ஓரத்தை ஒட்டி உருட்ட வேண்டும். 'ஷார்க்' நீளமானது. பந்து வளையக் கொஞ்ச தூரமே மிச்சமிருக்கும் என்பதால் நடுப்பக்கமாக ஆட வேண்டும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எண்ணெயின் நீளத்திலிருந்து 31-ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் விடை 9. எண்ணெய் முடியும் இடத்தில் பந்து, ஓரத்திலிருந்து 9-வது பலகையை ஒட்டி இருந்தால் நல்லது. இது துல்லியமான சூத்திரமல்ல. தொடங்குவதற்கு ஒரு குத்துமதிப்பு.

ஏனென்றால், லேன் அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது. முதல் ஆட்டத்தில் ஸ்டிரைக் தந்த அதே வீச்சு, மூன்றாவது ஆட்டத்தில் ஏமாற்றும். தேர்ந்த வீரர்கள் பந்தின் போக்கைப் பார்த்தே எண்ணெயைப் படிக்கிறார்கள். பந்து தொடர்ந்து இடப்பக்கம் தவறினால், நிற்கும் இடத்தையும் இடப்பக்கம் நகர்த்துவார்கள். வலப்பக்கம் தவறினால் வலப்பக்கம்.

அரங்கில் வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பந்துகள் அதிகம் வளையாது. அதனால்தான் புதிதாக ஆடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

15 வருடக் காத்திருப்பு

ஆலிசன் மேல்முறையீடு செய்தும் பலனில்லை. 1997 பிப்ரவரி 2-ம் தேதி, நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜெரமி சோனன்ஃபெல்டு என்ற கல்லூரி மாணவர் 900 எடுத்தார். அதுவே அங்கீகரிக்கப்பட்ட முதல் 900 ஆனது.

புள்ளிகளில் வீரரின் பங்கு எவ்வளவு, லேனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் விதிமுறை. அந்த எண்ணெயைப் பூசியது ஆலிசன் இல்லை. ஆனாலும் இழப்பு அவருக்குத்தான்.

ரசிகர்கள் மட்டும் அவரை 'மிஸ்டர் 900' என்றே அழைத்தார்கள்!