கறுப்பு வெள்ளையில் திரும்பி வந்த பயம்

பழைய காலத்தின் தோற்றம், ஒலி, படமாக்கும் முறை ஆகியவற்றை வேண்டுமென்றே மீட்டெடுத்து, இன்றைய பார்வையாளருக்காக உருவாக்கப்படும் திகில் படங்களை ‘ரெட்ரோ’ திகில் படங்கள் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான ‘பிரமயுகம்’ என்ற மலையாளப் படம் இவ்வகையில் தென்னிந்தியாவில் அண்மையில் பெரிதும் பேசப்பட்டது. ராகுல் சதாசிவன் இயக்கி மம்மூட்டி நடித்த அப்படம் முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. வண்ணமும் வரைகலையும் எளிதில் கிடைக்கும் காலத்தில், அவற்றைத் துறந்த ஒரு படத்தை இளைஞர்கள் ஏன் விரும்பிப் பார்த்தார்கள் என்ற கேள்விக்குப் பழமையின் மீதான ஏக்கம் என்று விடை சொல்வது எளிது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையரங்கில் பார்த்தே இராத தலைமுறைக்கு அந்த ஏக்கம் எங்கிருந்து வரும்? விடையை அப்படத்தின் கதையமைப்பில்தான் தேட வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் மலபாரில், அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடிவரும் தேவன் என்ற பாணன், காட்டுக்குள் சிதைந்து கிடக்கும் ஒரு மனையை அடைகிறான். மனை என்பது நம்பூதிரிகளின் பெருவீடு. அதன் உரிமையாளரான கொடுமண் போற்றி அவனுக்குச் சோறிட்டு, பாடச் சொல்லிக் கேட்டு, பிறகு சூதாட அழைக்கிறார். பணயம் வைக்க ஒன்றுமில்லாத பாணன் தன் வாழ்நாளையே, தன் காலத்தையே, பணயமாக வைத்துத் தோற்கிறான். அதன்பின் அந்த வீட்டை விட்டு அவனால் வெளியேற முடிவதில்லை. மழை ஓய்வதில்லை, பகலும் இரவும் குழம்புகின்றன. இங்கே பார்வையாளரை நடுங்க வைப்பது சாத்தானும் யட்சியும் மட்டுமல்ல. சோறு போட்டவனே எசமானன் ஆகிவிடுவதும், முறையிட ஓர் இடமோ கேட்க ஓர் ஆளோ இல்லாததும்தான். பழைய காலம் இப்படத்தில் அலங்காரமாக நிற்கவில்லை, வெளியிலிருந்து பூட்டப்பட்ட கதவாக நிற்கிறது. கைப்பேசியும் காவல் நிலையமும் பேருந்தும் இருக்கும் கதையில் தப்பிக்க முடியாமைக்கு ஒரு சாக்கைத் தேடவேண்டிய கதாசிரியருக்கு, இங்கே அந்தத் தேவையே எழவில்லை.

கறுப்பு வெள்ளையும் இந்த அடைபட்ட நிலைக்குத் துணை செய்கிறது. வண்ணப் படத்தில் தோல், துணி, இலை, இரத்தம் என ஒவ்வொன்றையும் நிறமே அடையாளம் காட்டிவிடுகிறது. நிறம் நீங்கியபின் ஒளியின் ஏற்ற இறக்கம் ஒன்றே எஞ்சுவதால், தூணின் நிழல் எங்கே முடிகிறது, அங்கே நிற்கும் உருவம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘வெர்டிகோ’வை 1958இல் வண்ணத்தில் எடுத்திருந்த ஆல்பிரட் ஹிட்ச்காக், 1960இல் ‘சைக்கோ’வுக்குக் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார், குளியலறைக் கொலையில் இரத்தமாக ஓடியது சாக்லெட் கூழ் என்பதைத் திரை காட்டிக்கொடுக்கவில்லை. 2019இல் ராபர்ட் எக்கர்ஸ் ‘தி லைட்ஹவுஸ்’ படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததோடு, அகலத் திரையையும் ஒதுக்கி ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்குள் இரு மனிதர்களை அடைத்தார். குறைவாகக் காட்டுவதால் மிகுதியாக அஞ்சவைக்கும் இந்த நுட்பம், திகில் கலையின் தொடக்கத்திலிருந்தே அதனோடு இருந்துவருவது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இது புதிதல்ல. வீணை மேதை எஸ். பாலசந்தர் 1954இலேயே பாடல் ஒன்றுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ படத்தைத் தந்தார். 1963இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தில், முற்பிறவியில் தன் மகன் ஏழைப் பெண்ணை விரும்பியதைப் பொறுக்காத ஜமீன்தார், நூறு வயதைக் கடந்த கிழவராக அடுத்த பிறவியிலும் அந்தக் காதலர்களைத் துரத்துகிறார். எம்.என். நம்பியாரின் அந்தத் தோற்றமும், பாழடைந்த மாளிகைக்குள் வின்சென்ட்டின் ஒளிப்பதிவு பரப்பிய நிழல்களும் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மங்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, சாக மறுக்கும் ஒரு ஜமீன்தாரைத் திரையில் கண்டவர்கள் பேயைக் கண்டு மட்டும் அஞ்சியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதிகாரம் போன பிறகும் அதன் வீடு அப்படியே நின்றுகொண்டிருந்தது என்பதே அந்தத் திகிலின் வேர்.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து இடையில் அணைத்துக்கொள்ளும் ஸ்ரீரங்கம் தீவுப்பகுதிக்கும் காவிரியின் தென்கரை நகரான திருச்சிக்கும் இந்த வரலாற்றில் தனி இடமுண்டு. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சலனப்படம் காட்டினார். இருண்ட கூடாரத்தில் வெள்ளைத் துணிமேல் நிழல்கள் அசைவதைத் தென்னிந்தியாவின் எளிய மக்கள் முதன்முதலாகக் கண்டது இத்தகைய காட்சிகளில்தான். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த சுஜாதா, ‘கொலையுதிர் காலம்’ நாவலில் வேறொரு வாசலைத் திறந்தார். வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் நுழையும் அந்தப் பழைய பண்ணை வீட்டில் தோன்றும் பெண்ணுருவம் பேயா, அல்லது லேசர் ஒளியால் முப்பரிமாண உருவத்தை எழுப்பும் ஹாலோகிராம் என்ற அறிவியல் வித்தையா என்று இரு தரப்புக்கும் சம வலிமை கொடுத்து வாசகரை அவர் நெடுந்தூரம் இழுத்துச் சென்றார். பழைய வீடும் புதிய கருவியும் ஒரே கதையில் மோதியதால்தான் அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

அஸ்வின் சரவணன் 2015இல் இயக்கிய ‘மாயா’வும் இவ்வாறே இரண்டு தளங்களை இணைத்தது. நயன்தாரா ஏற்ற பாத்திரத்தின் வாழ்க்கை வண்ணத்திலும், மாயவனம் என்ற காட்டைப் பற்றிய மற்றொரு கதை கறுப்பு வெள்ளையிலும் நகர, இரண்டுக்கும் என்ன உறவு என்ற புதிரே படத்தின் முதுகெலும்பானது. நிறமின்மை அங்கே அழகுக்காக வரவில்லை. எது நடக்கிறது, எது சொல்லப்படுகிறது என்ற ஐயத்தை அதுவே எழுப்பியது. இதற்கு மாறாக, கிராமபோன், சுழலும் தொலைபேசி, சுவர்க்கடிகாரம் ஆகியவற்றை அடுக்கிவிட்டு, பேரோசையால் பார்வையாளரைத் திடுக்கிட வைப்பதோடு நின்றுவிடும் படங்களும் வருகின்றன. அவற்றில் காலம் ஒரு வாடகைப் பொருள் மட்டுமே. கதையை இன்றைய தேதிக்கு மாற்றினாலும் எதுவும் குறையாது என்றால், அந்தப் பழமைக்கு வேலை இல்லை என்று பொருள்.

கேரளம் தன் மனைகளுக்குள் இருந்த கொடுமையைத் திகிலாக்கிக் காட்டியிருக்கிறது. காவிரிக் கரையிலும் அதற்கு நிகரான வரலாறு இருக்கிறது; மிராசுதார்களின் வீடுகளில் பண்ணையாட்களாகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களைக் காக்கத் தஞ்சைப் பகுதிக்கென்று 1952இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வெள்ளம் வரும்போது மட்டும் நிறைந்து, மற்ற நாட்களில் மணல்வெளியாகக் கிடக்கும் கொள்ளிடமும், நெல் குதிர்களும், சாத்திக் கிடக்கும் இரண்டாம் கட்டுகளும் ஓர் ஒளிப்பதிவாளருக்காகக் காத்திருக்கின்றன. தமிழ் இயக்குநர்கள் வெளிநாட்டுப் பேய் மாளிகைகளை நகலெடுப்பதை விட்டுவிட்டு இந்த வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும்.