நாலு கிராம் குறைஞ்சும் பாஸ்

போர்கோ வெக்கியோவில் வாங்கின அரிசிப் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கோ. எடைக்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில ‘இ’ இருந்தால், அது 1976இல் வந்த ஐரோப்பிய விதியின் அடையாளம்: முழுத் தொகுதியின் சராசரி எழுதின எடைக்குக் குறையக் கூடாது.

எல்லாத்தையும் நிறுக்க ஏலாதே? 100 முதல் 500 பக்கற் உள்ள தொகுதியில் 30ஐ நிறுத்துப் பார்க்கினம் எண்டு வையுங்கோ. சராசரி 996 கிராம், நியம விலகல் 10. சராசரிச் சோதனையில் பாஸ்!

ஏனெண்டால், தொடக்கக் கருதுகோளே ‘சராசரி 1000’ என்பதுதான். அதைத் தள்ளுறதுக்குச் சராசரி 994.97க்குக் கீழே போகவேணும். அதாவது 1000இலிருந்து 0.503 மடங்கு நியம விலகலுக்கு மேல் குறையவேணும். இந்த 0.503, டி அட்டவணையின் 2.756ஐ 30இன் வர்க்கமூலத்தால் வகுத்தது.

சரியான தொகுதியைத் தவறாகத் தள்ளுற வாய்ப்பு 200இல் ஒன்றுதான். பொதி செய்யிறவருக்கு நல்ல பாதுகாப்பு. வாங்கிற எங்களுக்கு? பாஸ் எண்டது சராசரி 1000 எண்டதுக்கு நிரூபணமே இல்லை.