நீர்க்கட்டும் மருந்தும்: முதியோரைப் பேணுவோர் கவனத்திற்கு



மூதறிஞர் ராஜாஜி 1878 ஆம் ஆண்டில் பிறந்த தொரப்பள்ளியும், அதனையடுத்த ஓசூரும் குளிர்ச்சிக்குப் பெயர் பெற்றவை. மார்கழி வந்தால் சளியும் இருமலும் வீடுதோறும் நுழையும். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கேட்டு வாங்கிப் பெரியவருக்குக் கொடுக்கிறோம். இரவில் அவருக்கு நீர் இறங்காவிடில், "முதுமை" என்று சொல்லி விடுகிறோம். அம்மாத்திரையே காரணமாகலாம் என எண்ணிப் பார்ப்பதில்லை.

சளி மாத்திரைகள் பலவற்றிலுள்ள குளோர்பெனிரமின், சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் நரம்பின் ஏவலைத் தடுக்கிறது. மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் பினைலெப்ரின் பையின் வாயை இறுக்குகிறது. புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவருக்கு இவ்விரண்டும் சேர்ந்தால் வழி அடைபடலாம். வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், வலி நீக்கும் டிரமடால் ஆகியவையும் நீர்க்கட்டை உண்டாக்கக் கூடியவை. பிருசெமைடோ சிறுநீரைப் பெருக்கும். இரத்த அழுத்தத்திற்கான பிராசோசின் சில பெண்களுக்குக் கசிவை உண்டாக்கும்.

நீர் அறவே இறங்காமல் அடிவயிறு உப்பி வலித்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆயினும் இரத்த அழுத்த மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆகாது. உண்ணும் மருந்து அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லந்தோறும் மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப் பெற்றது. அவ்வாறு மருந்து பெறுவோரும், கடையில் வாங்கியவற்றை மறைக்காது கூற வேண்டும்.

நீர் சொட்டுவதற்கு அஞ்சிப் பள்ளிவாசலையே விட்டு ஒதுங்கும் பெரியவர்களும் உளர். ஓயாது சொட்டும் நிலையிலுள்ளோருக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஓர் ஒளூச் செய்து, அந்நேரம் முடியும் வரை தொழலாம். ஷாபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளூச் செய்து தாமதியாது தொழ வேண்டும். அவரவர் நிலையை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிக.

நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். பெற்றோர் நாணத்தால் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளே கனிவுடன் கேட்டறிய வேண்டும். வல்ல அல்லாஹ் நம் முதியோருக்கு நலம் அருள்வானாக! ஆமீன்.